பிக்சல் ஆர்ட் பழக வருகிறீர்களா? 16 கட்டத்தில் தொடங்குங்கள்

கம்ப்யூட்டரில் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிறம் வைத்து நிரப்பிப் படம் வரைவதுதான் பிக்சல் ஆர்ட். அதைப் பழகலாம் என்று உட்கார்ந்தபோது நான் முதலில் வரைய எடுத்தது ஒரு கோயில் தேர். 256-க்கு 256 கேன்வாஸ், கண்ணில் பட்ட நிறமெல்லாம். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக வரைந்தேன். சக்கரமும் வடமும் முடிந்தன. தேர் நிலைக்கு வரவே இல்லை. அடுத்து ஒரு கடைத்தெரு, அதுவும் பாதியில். எட்டு மாதத்தில் முழுதாக முடித்த படம் என்று காட்ட என்னிடம் ஒன்றுகூட இல்லை.

பிறகு ஒருநாள் வெறுத்துப்போய் 16-க்கு 16 கட்டத்தில் ஒரு மண்பானை வரைந்தேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அழகாக இல்லை, ஆனால் எங்கே தப்பு என்று பார்த்தவுடன் தெரிந்தது. மறுநாள் அதையே திரும்ப வரைந்தேன். நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான். அந்த எட்டு மாதத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மென்பொருள்: ஒரு சாயங்காலத்துக்கு மேல் யோசிக்காதீர்கள்

காசில்லாமல் தொடங்கலாம். பிஸ்கெல் பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். லிப்ரேஸ்பிரைட், பிக்சலோராமா இரண்டும் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் இலவச மென்பொருள்கள். கம்ப்யூட்டர் இல்லை, போன்தான் என்றால் பிக்சல் ஸ்டுடியோ போதும். விரல் கட்டத்தை மறைக்கும், அது ஒன்றுதான் தொல்லை.

இந்தத் துறையில் இருப்பவர்களில் பலர் கடைசியில் போய்ச் சேர்வது ஏஸ்பிரைட்டில். விலை 20 டாலர் அளவு, ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஸ்டீம் என்ற இணையக் கடையிலும் கிடைக்கிறது. தள்ளுபடிக் காலங்களில் விலை குறையும், அவசரமில்லாவிட்டால் காத்திருங்கள். அதன் மூல நிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்து சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஆனால் கம்பைல் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றால் அந்த வழிக்குப் போகாதீர்கள். படம் வரைய வேண்டிய ஒரு வாரம் அதிலேயே போய்விடும்.

இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

ஏஸ்பிரைட்டின் சோதனைப் பதிப்பில் வரையலாம், ஆனால் சேமிக்க முடியாது. பழகிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டாலரில் பணம் கட்டுவதானால் உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியின் செயலியில் பாருங்கள். பல கார்டுகளில் அது மூடியே வரும். நான் நாலு முறை முயன்று, கார்டு கெட்டுவிட்டது என்று வங்கிக்கே போய் நின்றேன். அங்கிருந்தவர் என் போனை வாங்கி ஒரு பொத்தானைத் தட்டினார், அவ்வளவுதான் விஷயம்.

ஏற்கெனவே ஜிம்ப், ஃபோட்டோஷாப் தெரிந்தவர்கள் பிரஷ்ஷை எடுக்காதீர்கள், பென்சிலை எடுங்கள். பிரஷ் ஓரங்களை மழுப்பிவிடும். நீங்கள் ஒரு கட்டம் வைத்ததாக நினைப்பீர்கள், பக்கத்தில் அரை நிறத்தில் நாலு கட்டம் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்.

பேனா டேப்லெட் வாங்காதீர்கள். சிறியதே சில ஆயிரம் ரூபாய். இந்த அளவுப் படத்துக்கு அது எதையும் கூடுதலாகத் தராது. சாதாரண மவுஸ் போதும். நான் இன்றும் மவுஸில்தான் வரைகிறேன்.

2. கேன்வாஸ் 16-க்கு 16, கண்ணுக்கு இரண்டு ஜன்னல்

256-க்கு 256 என்றால் 65,536 கட்டம். 16-க்கு 16 என்றால் 256 கட்டம்தான். பிக்சல் ஆர்ட்டில் ஒவ்வொரு கட்டமும் ஒரு முடிவு. புதிதாக வருபவரால் 256 முடிவுகளை எடுத்துத் திரும்பிப் பார்க்க முடியும். அறுபத்தையாயிரத்தை யாராலும் முடியாது. 1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் என்ற வீடியோ விளையாட்டில் சின்ன மேரியோ 12 கட்டம் அகலம், 16 கட்டம் உயரம், மூன்றே நிறம். அதில் தொப்பி, மீசை, சட்டை, பூட்ஸ் எல்லாம் அடங்கிவிட்டன. இடம் பற்றவில்லை என்று உங்களுக்குத் தோன்றும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மாதம் 16-ஐத் தாண்டாதீர்கள். அப்புறம் 32.

எட்டு மடங்கு, பதினாறு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைவோம். படத்தைப் பார்க்கப்போகிறவர் அப்படிப் பார்க்க மாட்டார். அதனால் பக்கத்தில் இன்னொரு சின்ன ஜன்னலில் அதே படம் உண்மையான அளவில் தெரியும்படி வையுங்கள். ஏஸ்பிரைட்டில் எஃப்7 அழுத்தினால் பிரிவியூ ஜன்னல் வரும். பெரிதாகப் பார்க்கும்போது உறுத்துகிற கட்டம் சின்னதில் சரியாக இருக்கும். பெரிதில் பிரமாதமாக இருப்பது சின்னதில் அழுக்குப் போலத் தெரியும். எப்போதும் சின்ன ஜன்னல் சொல்வதைக் கேளுங்கள்.

3. கோடும் வளைவும்: கட்டங்களை எண்ணுங்கள்

இதற்கு ஒரு வாரம், தினம் இருபது நிமிடம். அலுப்பான வாரம். ஆனால் இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் பிறகு இங்கேயே திரும்பி வந்தார்கள், நான் உட்பட.

சாய்ந்த கோடு என்பது படிக்கட்டுதான். ஒவ்வொரு படியிலும் எத்தனை கட்டம் என்பதுதான் கணக்கு. 2, 2, 2, 2 என்று போனால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். 3, 3, 3 என்றாலும் அப்படியே. 2, 3, 1, 2 என்று போனால் பல் உடைந்த சீப்பு மாதிரி இருக்கும்.

வளைவுக்கும் அதே எண்ணிக்கைதான், ஆனால் எண்கள் ஒரே திசையில் மாற வேண்டும். 5, 3, 2, 1, 1 என்று குறைந்துகொண்டே வரலாம். 5, 2, 3, 1 என்று நடுவில் ஒருமுறை ஏறினால் அந்த இடத்தில் வளைவு நெளிந்துவிடும். 16 கட்டம் விட்டமுள்ள வட்டம் ஒன்று போடுங்கள். உச்சியில் படுக்கையாக 6, அடுத்த வரிசையில் பக்கத்துக்கு 2, அடுத்ததில் 1, பிறகு நிற்கிற வாக்கில் 2, பக்கவாட்டில் நேராக 6. 6, 2, 1, 2, 6. நாலு மூலையும் இதேதான். வட்டக் கருவியால் போடாமல் கையால் கட்டம் கட்டமாக வையுங்கள். மூன்று நாளில் எண்ணாமலே கை பழகிவிடும்.

கோடு திரும்பும் இடத்தில் இரண்டு கட்டம் இடிபட்டு ‘எல்’ மாதிரி தடித்து நிற்கும், அந்த மூலைக் கட்டத்தை அழித்துவிடுங்கள். ஏஸ்பிரைட்டிலும் லிப்ரேஸ்பிரைட்டிலும் பென்சிலுக்குப் ‘பிக்சல் பெர்ஃபெக்ட்’ என்று ஒரு தேர்வு உண்டு, அதை டிக் செய்தால் தானாகவே அழிக்கும். ஆனாலும் ஒரு வாரம் கையால் அழித்துப் பழகுங்கள், கண் பயிற்சி பெறும்.

4. நிறம் நாலு போதும்

கேம் பாய் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியின் திரை மொத்தமே 160-க்கு 144 கட்டம், நாலே சாயல். அதில் எத்தனையோ விளையாட்டுகளுக்கு மரமும் வீடும் மனிதரும் வரைந்தார்கள்.

நிறத்தை நீங்களே உருவாக்கப் பழகுங்கள். வண்ணப் பலகையில் மூன்று எண்கள் இருக்கும்: எந்த நிறம் என்று சொல்லும் ஹியூ, அது எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும் சாச்சுரேஷன், எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் வேல்யூ. நிழலுக்கு வேல்யூவை மட்டும் குறைப்பது, வெளிச்சத்துக்கு அதை மட்டும் ஏற்றுவது, இதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அப்படிச் செய்தால் படத்தின் மேல் சாம்பல் படிந்த மாதிரி இருக்கும். ஹியூவையும் சேர்த்து நகர்த்துங்கள். வெளிச்சம் மஞ்சள் பக்கம் போகட்டும், நிழல் ஊதா பக்கம் போகட்டும்.

மண்பானைக்கு நான் வைத்திருக்கும் நாலு நிறங்கள் இவை. அடிநிறம்: ஹியூ 18, சாச்சுரேஷன் 65, வேல்யூ 70. வெளிச்சம்: 32, 50, 92. நிழல்: 350, 60, 42. அவுட்லைன்: 320, 50, 22. கறுப்பே இல்லை, கவனியுங்கள். சுத்தக் கறுப்பு இவ்வளவு சின்னப் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

உருவாக்கிக்கொள்ளச் சோம்பலாக இருந்தால் லோஸ்பெக் தளத்தில் ஆயத்தப் பேலட்டுகள், அதாவது நிறத் தொகுப்புகள், ஏராளம், இலவசம். பிகோ-8 என்ற சின்ன விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் 16 நிறங்கள் நல்ல தொடக்கம். ஆனால் பேலட் தேடுவதே ஒரு போதை. நான் இறக்கி வைத்ததில் பாதியைத் திறந்தே பார்த்ததில்லை. ஒன்றை எடுங்கள், ஒரு மாதம் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

5. பானை: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

இதை என்னோடு சேர்ந்து போடுங்கள். புதிய கேன்வாஸ், 16-க்கு 16. அடிநிறத்தை எடுத்து மேலிருந்து வரிசை வரிசையாக, நடுவில் அமையும்படி நிரப்புங்கள். விளிம்பு 8 கட்டம். கழுத்து 6. வயிறு 8, 10, 10, 12, 12, 12, 12, 10, 10, 8, அடியில் 4. மொத்தம் 13 வரிசை. சுற்றிலும் ஒரு கட்டம் அவுட்லைன் போட்டாலும் 14-க்கு 15, கேன்வாஸில் அடங்கிவிடும்.

நிறம் பூசும் முன்பு உருவத்தை மட்டும் பாருங்கள். சின்ன ஜன்னலில் பானை என்று தெரிகிறதா? வீட்டில் யாரிடமாவது ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். என் முதல் பானையைப் பார்த்து அம்மா “பூசணிக்காயா?” என்றார். கழுத்தே வைக்கவில்லை நான். ஷேடிங் எவ்வளவு போட்டாலும் அது பூசணிக்காயாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். மேலே இடது பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கழுத்து வரிசை விளிம்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, அதனால் அது முழுக்க நிழல். வயிற்றின் வலது ஓரத்திலும் அடியிலும் பிறை மாதிரி நிழல் போடுங்கள், மேலே ஒரு கட்டம் தடிமனில் ஆரம்பித்து அடியில் மூன்று கட்டம்வரை தடிக்கட்டும். வெளிச்சத்தை வயிற்றின் இடது ஓரத்தில் ஒட்டி வைக்காமல் இரண்டு கட்டம் உள்ளே தள்ளி வையுங்கள்: வயிற்றின் இரண்டாவது வரிசையில் 3 கட்டம், அதற்குக் கீழே 2. விளிம்பின் இடது பாதியிலும் இரண்டு கட்டம் வெளிச்சம். அவ்வளவுதான்.

இந்தப் பானையில் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன.

முதலாவது தலையணை ஷேடிங். ஓரம் முழுக்கச் சுற்றி இருட்டு, நடுவில் வெளிச்சம், எந்தப் பொருளானாலும் ஊதிய தலையணை மாதிரி ஆகிவிடும். கை அறியாமல் இதைத்தான் செய்யும், ஏனென்றால் ஓரத்தைப் பின்தொடர்வது சுலபம். உங்கள் படத்தில் விரலை வைத்து ‘விளக்கு இங்கே இருக்கிறது’ என்று காட்ட முடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் தலையணைதான்.

இரண்டாவது பேண்டிங். நிழலின் ஓரமும் அவுட்லைனின் ஓரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரே இடத்தில் படி இறங்கினால், இரண்டும் சேர்ந்து ஒரு தடித்த படிக்கட்டாகத் தெரியும். நாம் எண்ணி எண்ணி வழவழப்பாக்கிய வளைவு கெட்டுப்போகும். நிழலின் படிகளை ஒரு கட்டம் முன்னே பின்னே நகர்த்தினால் சரியாகிவிடும். இதைக் கண்ணால் பிடிக்க எனக்கு ஆறு பானை ஆனது.

அவுட்லைன் கடைசியில். வெளிச்சம் விழும் இடது மேல் பக்கத்தில் அவுட்லைனுக்குப் பதில் நிழல் நிறத்தையே வைத்துப் பாருங்கள். பானை உருண்டு முன்னால் வரும்.

நிறங்களுக்கு நடுவே செஸ் பலகை மாதிரி புள்ளி வைத்துக் கலக்கும் டிதரிங்கைப் பார்த்திருப்பீர்கள். செய்ய ஆசையாக இருக்கும். 16 கட்டத்தில் அது வெறும் இரைச்சல். தனியாக, எதையும் ஒட்டாமல் நிற்கும் ஒற்றைக் கட்டமும் அப்படித்தான். காரணம் சொல்ல முடியாத ஒற்றைக் கட்டத்தை அழித்துவிடுங்கள்.

6. அடுத்து எவர்சில்வர் டம்ளர்

பானை வந்துவிட்டால் டம்ளரை எடுங்கள். அதே 16 கட்டம், அதே நாலு நிறம், ஆனால் நீலம் கலந்த சாம்பலில். மண்ணில் வெளிச்சம் மெதுவாக மங்கும். எவர்சில்வரில் அப்படியில்லை, மிக வெளிச்சமான பட்டையை ஒட்டியே மிக இருட்டான பட்டை நிற்கும். மேலிருந்து கீழாக நேர்ப் பட்டைகள், அகலம் ஒன்றுக்கொன்று மாறி: 1, 3, 1, 2 என்று. அடுக்களையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டே வரையுங்கள். போட்டோ எடுத்துச் சின்னதாக்கி அதன் மேல் வரையலாமே என்று தோன்றும். செய்து பாருங்கள், நூறு நிறமும் மழுங்கிய ஓரமுமாக வரும், அதைத் திருத்துவதைவிடப் புதிதாக வரைவது சீக்கிரம் முடியும்.

பிறகு தேங்காய் மூடி, வாழைப்பழம், செருப்பு, பூட்டு. ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடிக்காமல் எழுந்திருக்காதீர்கள். மோசமாக இருந்தாலும் முடியுங்கள்.

மனித உருவம் வரையும்போது தலையைப் பெரிதாக வையுங்கள், உயரத்தில் பாதிவரைகூடப் போகலாம். கண்ணுக்கு ஒரு கட்டம் அல்லது நிற்கிற வாக்கில் இரண்டு. மூக்கே வேண்டாம்.

7. அசைவு

இரண்டாவது மாதத்துக்கு முன்பு வேண்டாம். நடக்கும் மனிதரை முதலில் எடுக்கவும் வேண்டாம், கால் நாலு பக்கமும் போகும். அகல் விளக்கின் சுடரில் தொடங்குங்கள். நாலு ஃபிரேம், அதாவது அடுத்தடுத்துக் காட்டும் நாலு படம், ஒவ்வொன்றும் 120 மில்லி செகண்ட். சுடரின் அடி நகரக் கூடாது, நுனி மட்டும் இடம் வலமாக ஒரு கட்டம் சாயட்டும். அசையும் படத்தைச் சேமிக்கும் ஜிஃப் கோப்பு நேரத்தை நூறில் ஒரு பங்கு நொடிகளாகத்தான் வைத்துக்கொள்ளும், அதனால் 125 என்று கொடுக்காமல் 120 அல்லது 130 என்று கொடுங்கள்.

8. சேமிப்பது, அனுப்புவது

நான் அழுத இடம் இது. இரண்டு மாத வேலையை ஜேபெக் கோப்புகளாகச் சேமித்துவிட்டு மூலக் கோப்புகளை அழித்துவிட்டேன். ஜேபெக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிறங்களைக் கலைத்துச் சுருக்கும். போட்டோவுக்குச் சரி, பிக்சலுக்கு விஷம். திறந்து பார்த்தால் நாலு நிறம் இருந்த பானையில் ஓரமெல்லாம் எண்ண முடியாத நிறங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். லேயர்களோடு, அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகளோடு, மென்பொருளின் சொந்தக் கோப்பு. உண்மையான அளவில், நிறங்களைக் கலைக்காத பிஎன்ஜி கோப்பு ஒன்று. பிறருக்குக் காட்டப் பெரிதாக்கிய ஒரு பிஎன்ஜி. பெரிதாக்கும்போது முழு எண் மடங்கு மட்டும்: 16-ஐ 20 மடங்காக்கி 320, அல்லது 40 மடங்காக்கி 640. இரண்டரை மடங்கு என்றால் சில கட்டம் பெரிதாகவும் சில சிறிதாகவும் ஆகிவிடும். முறை கேட்டால் ‘நியரஸ்ட் நெய்பர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேலட்டையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து அனுப்புங்கள்.

கோப்புப் பெயரில் தேதி இருக்கட்டும். பானை-1, பானை-புதுசு, பானை-கடைசி, பானை-உண்மையான-கடைசி என்று வைத்திருந்தேன். எது எப்போது வரைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

9. முப்பதாம் நாள்

யாரிடமாவது காட்டும்போது “எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். “வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது?”, “இது மண்ணா, இரும்பா?” என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் அவரைத் திருத்தாதீர்கள், படத்தைத் திருத்துங்கள்.

அப்புறம், ஒரு மாதம் கழித்து முதல் பானையைத் திறக்காமல் இன்னொரு பானை வரையுங்கள். அதே 16 கட்டம், அதே நாலு நிறம், அதே நாற்பது நிமிடம். முடித்த பிறகு பழையதைத் திறந்து இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதியதில் என்ன மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே இருப்பதுதான் அடுத்த மாதத்துப் பாடம். என் தாளில் அன்று இரண்டே சொல் இருந்தன: அடி நிழல்.